நாத்தனார் தேடிக் கொடுத்த பேர்

நாத்தனாரைப் புகழ்ந்து எழுத உட்கார்ந்த பெண் இந்தத் திருச்சி ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதற்காக அவளை லேசுப்பட்ட ஆள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஸ்ரீரங்கத்திலிருந்து டவுன் பஸ் ஏறித் தென்னூரில் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தால், தோளில் மாட்டிய பையைக் கழற்றும் முன்பே என் ஃப்ரிட்ஜைத் திறந்துவிடுவாள். "என்ன அண்ணி, தயிர் இப்படிப் புளிச்சுக் கெடக்கு" என்பாள். கணக்கு டீச்சர். எதையும் திறந்து பார்க்காமல், சரிபார்க்காமல் விடமாட்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளிடம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த நான், இன்று அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தயார். ஏன் என்று சொல்கிறேன். பேரை மட்டும் கேட்காதீர்கள், யார் பேரையும் எழுதப் போவதில்லை.

என் மாமனார் பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். எண்பதைத் தாண்டியும் தொண்டை மட்டும் ரிட்டயர் ஆகவில்லை. கண்ணாடியைக் காணோமா, பேப்பர் வரவில்லையா, மகனைப் பேர் சொல்லி ஒரு கூப்பாடு. தெருமுனை டீக்கடை வரைக்கும் கேட்கும். என் வீட்டுக்காரர் பாத்ரூமில் இருந்தாலும் சரி, மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாலும் சரி, "என்னப்பா?" என்று பதில் வந்துவிடும். தூக்கத்தில்கூட அப்படிப் பதில் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். தலை நரைத்த மனுஷர், அப்பா கூப்பிட்டால் மட்டும் எட்டாங்கிளாஸ் பையனாகிவிடுவார்.

இவ்வளவு சத்தமான மாமனார் ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் ஊமையாகிவிடுவார். செத்துப்போன முன்னோர்களுக்கு எள்ளும் தண்ணீரும் விட ஸ்ரீரங்கத்தில் காவிரிக்கரை அம்மா மண்டபத்துக்குப் போவோம். படித்துறையில் கூட்டம் நெரியும். சாஸ்திரிகள் எதிரில் உட்கார வைத்து, "அப்பா பேர் சொல்லுங்கோ" என்பார். மாமனார் குனிந்து தன் உள்ளங்கையைப் பார்ப்பார். அவருக்குத் தன் அப்பாவின் பேர் தெரியாது. "தெரியலேன்னா பரவாயில்லை, அப்பான்னு மனசுல நெனச்சுக்கோங்கோ, போறும்" என்று சாஸ்திரிகள் இதமாகத்தான் சொல்வார். ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் அப்பா பேர், தாத்தா பேர், கொள்ளுத் தாத்தா பேர் என்று சரம்சரமாகச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். மாமனார் திரும்பி வரும்போது ஆட்டோவில் வாயே திறக்கமாட்டார். ஒரு தடவை மட்டும் என்னிடம், "அட்ரஸ் இல்லாத கவரைத் தபால் பெட்டியில போட்டுட்டு வர்றேம்மா" என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

பெற்ற அப்பா பேர் எப்படி ஒருவருக்குத் தெரியாமல் போகும் என்றுதானே கேட்கிறீர்கள்? மாமனார் கைக்குழந்தையாக இருந்தபோதே அவர் அப்பா செத்துப்போய்விட்டார். அம்மாக்காரி புருஷன் வீட்டோடு சண்டை போட்டுக்கொண்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருச்சிக்கு வந்துவிட்டார். காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த அண்ணன்தான் அவருக்கு இருந்த ஒரே சொந்தம். அந்த அண்ணன்தான் பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். இனிஷியலாகத் தன் பேரையே கொடுத்தார். சீக்கிரமே அவரும் போய்ச் சேர்ந்தார். ஆக, மாமனாரின் சர்டிபிகேட், ரேஷன் கார்டு, பென்ஷன் புத்தகம் எல்லாவற்றிலும் தாய்மாமன் பேர்தான் அப்பா பேர். அம்மாவைக் கேட்டால், "போன மனுஷன் பேரு இப்ப எதுக்குய்யா?" என்பாராம். ஊர் எது என்று கேட்டால், "தொறையூர்ப் பக்கம்." அவ்வளவுதான். மாமனார் வேலைக்குச் சேர்ந்ததும் துறையூர் ரூட்டைக் கெஞ்சிக் கேட்டு வாங்கியிருக்கிறார். ஏறுகிற இறங்குகிற முகத்தில் எதிலாவது தன் ஜாடை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே டிக்கெட் கிழித்தாராம்.

அந்த அம்மாவைப் பற்றி எங்கள் வீட்டில் சிரிப்பதற்கென்றே ஒரு கதை உண்டு. என் மாமியார் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். என் வீட்டுக்காரர் பிறந்து பேர் வைக்கிற அன்று, கிழவி விறுவிறுவென்று போய்ச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் காட்டினாராம். அதில் ஸ்ரீரங்கத்துப் பெருமாள் படுத்திருக்கிறார். அவருடைய பேர்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, இல்லை இல்லை என்று தலையை ஆட்டி, ஒரு பேர் வந்ததும் "அதான்" என்றாராம். சமயபுரத்து மாரியம்மனைத் தவிர இன்னொரு சாமியைக் கையெடுத்துக் கும்பிடாத பொம்பளைக்குப் பெருமாள்மேல் இப்படி ஒரு திடீர் பக்தியா என்று எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பேரை வைத்தார்கள். அதற்கப்புறம் கிழவி பேரனை "ராசா" என்றுதான் கூப்பிட்டாரே தவிர, தான் வைத்த பேரைச் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது.

இனி என் நாத்தனார். அப்பாவின் இந்தக் குறையை எப்படியாவது தீர்ப்பது என்று அவள் சில வருஷங்களுக்கு முன்னால் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது, இணையத்தில் இப்படியெல்லாம் பழைய காகிதங்கள் கிடக்கின்றன என்று. பழைய அரசிதழ்களைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் பண்ணி ஏதோ ஒரு நூலகம் போட்டு வைத்திருக்கிறது. பத்திரப் பதிவு வில்லங்கம் இருக்கிறது. பட்டா இருக்கிறது. யார் படிக்கப் போகிறார்கள் என்று தெரியாமலேயே எவரோ உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டி வைத்துப் படம் எடுத்திருக்கிறார்கள். சில பக்கங்களில் அவர்களுடைய கட்டைவிரல்கூடச் சேர்ந்து பதிந்திருக்கும். நாத்தனார் அந்த விரலைப் பார்த்து, "நல்லா இருக்கணும்" என்பாள்.

நான் முதலில் கேலிதான் பண்ணினேன். "பேரும் தெரியாது, ஊரும் தெரியாது, எதை வச்சுடி தேடுவே?" என்று கேட்டேன். அடுத்த வாரம் வந்தவள் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். ஒரு பழைய அரசிதழ்ப் பக்கம். அரசு தட்டச்சுத் தேர்வில் தேறியவர்கள் பட்டியல். அதில் என் அப்பா பேர், அவர் அப்பா பேரோடு. எங்கப்பா சாகிறவரை, "நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணவன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சர்டிபிகேட் வெள்ளத்தில் போய்விட்டது என்பார். நாங்கள் ஒருத்தரும் நம்பினதில்லை. எங்கம்மா முகத்துக்கு நேராகவே சிரிப்பார். இதோ அச்சில் இருக்கிறார் மனுஷர். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "காபி போடட்டுமாடி?" என்று கேட்டேன். அதுவரை அவள் கேட்காமல் நான் அவளுக்குக் காபி போட்டதில்லை.

ஆனால் அப்பாவின் அப்பா மட்டும் அகப்படவில்லை. ஒரு தடவை ஏதோ ஒரு குடும்பம் பொருந்துகிற மாதிரி இருந்தது. மாமனார் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பி உட்கார்ந்துவிட்டார். கடைசியில் அது வேறு யாரோ. அன்றைக்கு அவர் வேட்டியை அவிழ்த்து மடித்துப் பீரோவில் வைத்ததைப் பார்த்த நாத்தனார், இனிமேல் உறுதியாகத் தெரியாமல் அப்பாவிடம் வாயே திறப்பதில்லை என்று முடிவு செய்தாள். அவருக்கும் உடம்பு தளர்ந்துகொண்டு வந்தது. "அடுத்த அமாவாசைக்கு இருக்கேனோ இல்லையோ" என்று அடிக்கடி சொல்ல ஆரம்பித்தார்.

அப்போதுதான் வாக்காளர் பட்டியல் திருத்தம் வந்தது. பழைய பட்டியலில் நம் பேரோ, பெற்றவர்கள் பேரோ எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துப் படிவத்தில் எழுத வேண்டும். ஊரே அலறிப் புடைத்துக்கொண்டு அலைந்தது. நாத்தனாருக்கோ கொண்டாட்டம். எங்கள் வீட்டு ஹாலில் லேப்டாப்பை விரித்து வைத்துக்கொண்டு தெருவுக்கே தேடிக் கொடுத்தாள். எந்த வார்டு எந்த வார்டாக மாறியது, எந்தப் பள்ளிக்கூடத்துப் பூத் எங்கே போனது, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஒருத்தரிடமும் முகம் சுளிக்கவில்லை. அந்தப் பொறுமையில் பாதியை என் தயிரிடம் காட்டியிருக்கலாம்.

மாடி வீட்டு அம்மாவும் வந்தார். வயசானவர், புருஷன் போய் ரொம்ப நாளாகிறது, மகன் வெளியூரில்.

"உங்க வீட்டுக்காரர் பேரு சொல்லுங்கம்மா, அதை வச்சுப் பாக்கறேன்" என்றாள் நாத்தனார்.

அந்த அம்மா சிரித்தார். முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டார். பிறகு மெதுவாகக் கையைத் தூக்கி எங்கள் சுவரில் தொங்கிய முருகன் காலண்டரைக் காட்டினார்.

"அந்தா, அவரு."

நாத்தனார் முருகன் பேர்களாக அடுக்க, இல்லை இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே வந்தவர், ஒன்றுக்கு மட்டும், "ம், அதான்" என்றார்.

நாத்தனார் விரல் கீபோர்டிலேயே நின்றுவிட்டது. என்னைப் பார்த்தாள். எனக்கும் சட்டென்று புரிந்தது. கிழவி காலண்டரைக் காட்டினது பக்தியினால் இல்லை! புருஷன் பேரை வாயால் சொல்லக்கூடாது என்பதனால். வீட்டுக்கு வந்த முதல் பேரனுக்குத் தாத்தா பேர் வைக்க வேண்டும், வைத்தாயிற்று. அந்தப் பேரைச் சொல்லக்கூடாது. சொல்லவில்லை, "ராசா" என்று கூப்பிட்டாயிற்று. நான் ஆஸ்பத்திரியில் ரிஜிஸ்ட்ரேஷன் கவுண்டரில் உட்காருகிறவள். "பேர் என்ன, புருஷன் பேர் என்ன" என்று கேட்பதே என் பிழைப்பு. பேர் சொல்லாமல் நெளிகிற, பக்கத்தில் நிற்கிற பிள்ளையை இடித்துச் சொல்லச் சொல்கிற எத்தனை கிழவிகளிடம் எரிந்து விழுந்திருப்பேன்! என் வீட்டுக் கதை எனக்கு உறைக்கவே இல்லையே.

மாடி வீட்டு அம்மா போனதும் நாத்தனார் உள்ளே போய் அப்பாவிடம் சும்மா பேச்சுக் கொடுக்கிற மாதிரி, "ஏம்ப்பா, உங்கம்மா உங்களை எப்படிக் கூப்பிடுவாங்க?" என்று கேட்டாள்.

"ஐயான்னுதான். பேரெல்லாம் சொல்லாது. ஏன் கேக்கற?"

"ஒண்ணுமில்லப்பா" என்று வந்துவிட்டாள். வந்து என் காதில், "அண்ணி, அப்பா பேரு பாட்டியோட மாமனார் பேரு. மாமனார் பேரையும் சொல்லமாட்டாங்கல்ல?" என்றாள். அவள் கணக்கு டீச்சர் என்பதை அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்துகொண்டேன்.

இப்போது அவள் கையில் ஜோடியாக இரண்டு பேர் இருந்தன. அந்தக் குடும்பத்தில் வேறு யாருக்காவது இதே பேர்களை வைத்திருப்பார்கள் என்பது அவள் கணக்கு. துறையூரைச் சுற்றி ஒரு கிராமம் விடாமல் பழைய வாக்காளர் பட்டியலை இறக்கிப் படிக்க ஆரம்பித்தாள். அது தேடினால் வருகிற எழுத்து இல்லை. ஸ்கேன் பண்ணின படம். கண்ணால்தான் ஒவ்வொரு வரியாகப் பார்க்க வேண்டும். ஸ்கூல் விட்டு வந்து, பரீட்சை பேப்பர் திருத்தி, சமையல் பார்த்து, அதற்கு மேல் இது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டு வரும். துடைத்துவிட்டு மறுபடி குனிவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அரைப் பக்கம் பார்த்ததற்கே எனக்குத் தலை சுற்றியது. பொறந்த வீட்டுப் பேர் அவளுக்கு ஒட்டக்கூட ஒட்டாது. அவள் இனிஷியல் மாறி எத்தனையோ காலமாகிறது. அவள் பிள்ளைகள் வேறு வீட்டுப் பிள்ளைகள். ஆனாலும் விடவில்லையே! என்ன பெண்ணடா இவள் என்று இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் வந்தது. "அண்ணி, கெடச்சிருச்சு போல." ஒரு கிராமத்தில், ஒரே வீட்டு எண்ணில் அண்ணன் தம்பி இரண்டு பேர். அண்ணனுக்கு என் மாமனார் பேர். தம்பிக்கு என் வீட்டுக்காரர் பேர். ஊரில் எல்லோரும் வைக்கிற பேர்தானே, தற்செயலாகக்கூட இருக்கலாம் என்றேன். "அதான் பட்டாவையும் பாத்தேன்" என்றாள். அந்தக் கிராமத்து சர்வே எண்களை ஒவ்வொன்றாகப் போட்டு, ஒவ்வொரு தடவையும் மனுஷர்தானா என்று சோதிக்கத் திரையில் வருகிற அந்தக் கோணல்மாணல் எழுத்தைப் பார்த்து அடித்து, பட்டாவாகத் திறந்து பார்த்திருக்கிறாள். ஒன்று கூட்டுப் பட்டா. அதில் அந்த அண்ணன் தம்பிகளின் அப்பா பேருக்கு மேலே இன்னொரு பேர் இருந்தது. என் வீட்டுக்காரர் பேர். அதற்குத் தந்தை பேர், என் மாமனார் பேர். செத்து முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆன மனுஷர் அரசாங்கக் கணக்கில் இன்னும் நிலத்துக்குச் சொந்தக்காரராக இருந்துகொண்டிருந்தார்.

மறுநாள் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மாமனார் நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. பீரோவிலிருந்து அந்த வெள்ளை வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டார். காரில் போனோம். வழியெல்லாம் ஸ்டாப்பிங் ஒவ்வொன்றின் பேரையும் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். கார் அந்த ஊருக்குள் திரும்பியதும், "இந்த ஸ்டாப்புல எத்தன தடவ விசில் அடிச்சிருப்பேன்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அண்ணன்காரர் வாசலிலேயே நின்றார். மாமனார் வயசை ஒட்டியவர். எங்கள் கையில் பட்டாத் தாளைப் பார்த்ததும் முகம் இறுகியது. "நெலத்துக்கா வந்திருக்கீங்க?" என்று கேட்டார்.

"ஐயோ, நெலமெல்லாம் வேணாங்க" என்றார் மாமனார். "இந்தப் பேருல இருக்கறவரு எங்கப்பாதானான்னு கேட்டுட்டுப் போயிடறேன். அதுக்குத்தான் வந்தேன்."

அவர் மாமனாரை உற்றுப் பார்த்தார். "உங்கம்மா காந்தி மார்க்கெட்டுல அண்ணன் வீட்டுக்குப் போனவங்களா?"

மாமனார் தலையை மட்டும் ஆட்டினார்.

"எங்க பெரியப்பாதாங்க. எங்கப்பாவோட அண்ணன். வயக்காட்டுல பாம்பு கடிச்சுப் போயிட்டாரு. பெரியம்மா கைப்புள்ளயத் தூக்கிட்டுக் கோவிச்சுக்கிட்டுப் போனவங்கதான். எங்கப்பா மார்க்கெட் பூரா அலைஞ்சாராம், அகப்படல. தம்பிக்கு அவரு பேர வச்சு மனச ஆத்திக்கிட்டாரு. பட்டாவுல பெரியப்பா பேர எடுத்துடலாம்னு நாங்க எத்தனையோ தடவ சொன்னோம். எடுக்கவே விடல. எங்கண்ணன் புள்ள ஒரு நாள் வந்து கேட்டா நான் என்னத்தக் காட்டறதுன்னு கேட்டாருங்க."

மாமனார் அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நாத்தனார் விக்கி விக்கி அழுதாள். என்னாலும் அழாமல் இருக்க முடியவில்லை. அண்ணன்காரர்தான் பேச்சை மாற்றினார். "உங்கள எனக்குத் தெரியுமே! சில்லறை இல்லன்னா எறங்கிக்கன்னு சத்தம் போடற கண்டக்டர்தானே நீங்க? ஒரு தடவ என்னைய மழையில எறக்கி விட்டீங்க!" மாமனார் அழுகையும் சிரிப்புமாக அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு அவர்கள் வீட்டில் கோழி அடித்துச் சோறு போட்டுத்தான் அனுப்பினார்கள்.

அதற்கப்புறம் எங்கள் வீடு விசித்திரமாக அமைதியாகிவிட்டது. மாமனார் மகனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டார். கண்ணாடியைக் காணோம் என்றால் தானே தடவித் தேடுவார். "அப்பா பேர வச்சுக்கிட்டு இத்தன வருஷமாத் திட்டியிருக்கேனேம்மா, நாக்கு எழும்ப மாட்டேங்குது" என்றார் என்னிடம். என் வீட்டுக்காரருக்குத்தான் கைகால் ஓடவில்லை. மொட்டை மாடியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். "அப்பா கூப்பிட்டாரா?" என்று என்னைக் கேட்பார். இல்லை என்பேன்.

தை அமாவாசை வந்தது. அம்மா மண்டபத்தில் அதே படித்துறை, அதே நெரிசல். நாத்தனார் முன்னாலேயே வந்து இடம் பிடித்து வைத்திருந்தாள். மாமனார் சாஸ்திரிகள் எதிரில் உட்கார்ந்தார். ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டு என் வீட்டுக்காரர் பின்னால் இரண்டு படி மேலே, ஆற்றுக்கு முதுகு காட்டி நின்றார். சாஸ்திரிகளுக்கு ஆயிரம் பேரில் இவர் ஒருவர், ஒன்றும் தெரியாது. எள்ளைக் கையில் வைத்தார்.

"அப்பா பேர் சொல்லுங்கோ."

மாமனார் நிமிர்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். பழைய கண்டக்டர் குரலில், அந்தக் கூட்டத்துச் சத்தத்துக்கு மேலே கேட்கிற மாதிரி, பேரைச் சொன்னார்.

"என்னப்பா?" என்றார் என் வீட்டுக்காரர், பின்னாலிருந்து.

மாமனார் திரும்பினார். மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த எள் கொஞ்சம் சிந்தியது. சாஸ்திரிகள் சொம்போடு காத்திருந்தார். நாத்தனார் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"உன்னை இல்லடா" என்றார் மாமனார். "எங்கப்பாவக் கூப்பிட்டேன்."

பிறகு முன்பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். சாஸ்திரிகள் தண்ணீர் ஊற்றினார்.